பலேர்மோவில் பிடித்துக்கொண்ட பழக்கம்

சேசு மரி சூசை துணை

இராயப்பன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து

பாசமும் மரியாதையும் உள்ள மச்சான் ஜேசுராஜ் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் பீட்டர்ராஜ் கைகூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் தங்கை ரோசம்மாள் என்னைவிடச் சுகம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கூடலூரில் நீங்களும் அக்காவும் கல்யாண மாப்பிள்ளை ரெக்ஸும் நல்லபடியாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசுகிறவர், நான் சொல்வது குமுளி போகிற ஜீப்புக்காரன் வரைக்கும் கேட்கும். இங்கேயோ வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் ரோசம்மாள் காதில் விழுந்துவிடுகிறது. ஆகவே திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து, உரமூட்டை மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத் தெரிந்தால் மூட்டையைத் திட்டுங்கள்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை இனிமேல் எனக்குப் பின்னால் நடக்கமாட்டாளாம். பக்கத்தில்தான் நடப்பாளாம். அதுவும் என் கையைப் பிடித்துக்கொண்டு. கோவிலுக்கு, கடைக்கு, துக்கத்துக்கு, எங்கே போனாலும் அப்படித்தானாம். ரெக்ஸ் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் கோவிலுக்கு அழைத்துப் போகையில் அத்தையும் மாமாவும் தட்டு ஏந்தி முன்னால் வரவேண்டும் இல்லையா? அதற்கும் இதே நிபந்தனை. "பக்கத்துல நடந்தா உங்க கூட வாரேன். இல்லையா, நான் முந்துன பஸ்ல தனியா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிக்கிறேன்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கூடலூர் கடைவீதி முழுக்கப் பார்க்க, பேண்டு வாத்தியத்துக்கு நடுவில், நான் ஒண்டிக்கட்டையாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன பேசுவார்கள்? நினைத்தாலே சோறு இறங்கவில்லை. உங்கள் மீசைக்குப் பயந்தவள் அவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நடை வந்து, ஒரே ஒரு அதட்டுப் போட்டுவிட்டுப் போங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாம் அந்தப் பலேர்மோவால் வந்தது. இத்தாலி தேசத்தில் சிசிலி என்று ஒரு தீவு, அதில் கடற்கரையோரமாகப் பழைய ஊர் இது. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிற நம் அனிதா மேரிதான் டிக்கெட் எடுத்தாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் வேளாங்கண்ணியத் தவிர எங்க போயிருக்கீக?" என்று கேட்டாள். போகாவிட்டால் என்ன, கடல் எங்கே போய்விடும் என்றேன். கேட்கவில்லை. அவளுக்கு லீவு கிடைக்காமல் போக, எங்கள் இரண்டு பேரை மட்டும் விமானத்தில் ஏற்றிவிட்டு, அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற தங்கும் விடுதியில் ஏற்பாடு செய்துவிட்டாள். அந்த விடுதியைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் ஜெசிந்தா யார் தெரியுமா? நம் அனுமந்தன்பட்டிப் பிள்ளை. கதவைத் திறந்ததும், "வாங்கண்ணே, வாங்கக்கா, நம்ம பக்கம் மழை உண்டா?" என்று கேட்டது. கடல் தாண்டிப் போன களைப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

ஊரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை மச்சான். நம் பள்ளத்தாக்கில் நின்று மேகமலைப் பக்கம் பாருங்கள். அந்த மலையை மட்டும் யாரோ அலுங்காமல் தூக்கி எடுத்துவிட்டு அங்கே கடலை வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் பலேர்மோ. மற்ற பக்கமெல்லாம் மலை அப்படியே நிற்கிறது. அரபுக்காரர் ஆண்டு, அப்புறம் வடக்கேயிருந்து வந்தவர்கள் ஆண்டு, ஒருவர் கட்டியதை அடுத்தவர் இடிக்காமல் மேலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு கோவிலில் சுவர் முழுக்கத் தங்கச் சில்லு பதித்துப் படம் போட்டிருக்கிறது. வெயில் ஜன்னல் வழியாக நகர நகர, சிறகு விரித்த சம்மனசுகள் ஒவ்வொருவராகக் கண் விழிக்கிறார்கள். ரோசம்மாள் கழுத்து வலிக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் அண்ணாந்தபடியே நின்றாள். விடுதி முற்றத்தில் எலுமிச்சை மரம், அதன் வாசனை படுக்கை வரைக்கும் வந்தது. எனக்கு ஒரே ஒரு குறைதான். திராட்சையை முழங்கால் உயரத்துக்கு வளர்த்துவைத்திருக்கிறார்கள், பந்தலே கிடையாது. யார் குனிந்து பறிப்பது? சிஸ்டரிடம் சொல்லி அவர்கள் விவசாய இலாகாவுக்குத் தெரிவிக்கச் சொன்னேன், சொல்லியிருக்குமா தெரியாது.

இரண்டாம் நாள்தான் வம்பு வந்தது. பெரிய கோவிலிலிருந்து கடல் வரைக்கும் நேராக ஒரு தெரு இறங்குகிறது. இரண்டு பக்கமும் பழைய மாளிகைகள், பால்கனி, சிலை, நீரூற்று. வழி தவற வாய்ப்பே இல்லை, நீங்க ரெண்டு பேருமே போயிட்டு வாங்கண்ணே என்று சிஸ்டர் அனுப்பியது. நம் வழக்கப்படி நான் முன்னால், ரோசம்மாள் பின்னால். வெயிலுக்கு நம்ம கறுப்புக் குடையைக் கொண்டுபோயிருந்தேன். தெரு நிழலாக இருந்ததால் அதை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிலைக்கும் உயர்த்திக் காட்டி, "அந்தா பாரு, அது ராசா. இந்தா இருக்கே, இது ராசாவோட ராசா" என்று விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். அவளிடமிருந்து பதில் இல்லை. அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை, ரோட்டில் அவள் எப்போது பேசியிருக்கிறாள்? தெரு முடிந்தது. பெரிய கல்வாசலைத் தாண்டியதும் படாரென்று கடல். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை, சும்மா இருக்கிற மனுசனையும் நின்று பெருமூச்சு விட வைக்கிற நீலம். "ரோசம்மா, இதுக்கு என்ன சொல்ற?" என்று திரும்பினேன். ஒரு கூட்டம் வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தொப்பியும் கேமராவுமாக ஆணும் பெண்ணும், நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று ஆவலாக.

அந்த ஊரில் சுற்றிக்காட்டுகிற கைடுகள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் முன்னால் போவார்களாம். எந்தக் கைடைத் தொலைத்துவிட்டு வந்த கூட்டமோ, என் குடையைப் பார்த்துப் பின்தொடர்ந்துவிட்டது. ஒரு அம்மா எனக்குக் கைகூடக் கொடுத்தார். எல்லாரும் இருந்தார்கள் மச்சான், ரோசம்மாள் மட்டும் இல்லை. வந்த வழியே ஓடினேன். அந்த ஊரில் மத்தியானம் ஆனால் கடையெல்லாம் சாத்திவிட்டு உறங்கப் போய்விடுகிறார்கள். சற்று முன்னால் ஜேஜே என்று இருந்த தெரு, ஆளே இல்லாமல் கிடக்கிறது. சந்துக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். வெள்ளை வேட்டி மாதிரி விரிப்புகள் காற்றில் மெதுவாக ஏறி இறங்குகின்றன. எங்கேயோ ஒரு வீட்டில் பீங்கான் கழுவுகிற சத்தம், ஒரு பூனை, ஒரு மணியோசை. தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. எது சேலை முந்தானை மாதிரி ஆடினாலும் அவள் என்று ஓடுவேன், பார்த்தால் யார் வீட்டு ஜன்னல் திரையோ. "ரோசம்மா, ஏ ரோசம்மா" என்று நான் கத்தியதில் ஒரு கிழவர் பால்கனிக்கு வந்து, சிலுவை போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளதைச் சொன்னால் என்ன, நான் பயந்துபோனேன். அவள் இல்லாமல் ஊர் திரும்பி உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுகூட அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அவள் இல்லாமல் எப்படித் திரும்புவேன் என்பதுதான் முதலில் வந்தது.

போன் போட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன், அது என் சட்டைப்பையில். விடுதிக்கு ஓடி சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போனேன். வழி நெடுக சிஸ்டர், "கூடவே வந்தவுகள எப்படிண்ணே தொலைச்சீக?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. கூடவே வரவில்லை, பின்னால் வந்தாள் என்றேன். ஸ்டேஷனில் ஒரு இளவட்ட அதிகாரி. சிஸ்டர் அவர் பாஷையில் சொல்ல, அவர் கேட்டார், சிஸ்டர் எனக்குச் சொன்னது.

"என்ன உடுத்தியிருந்தாகன்னு கேக்குறாரு."

"சேலை."

"என்ன கலர்ணே?"

நான் யோசித்தேன். காலையில் விடுதியில் அவள் எனக்கு முன்னால்தான் நின்று காபி ஆற்றிக் கொடுத்தாள். சேலை கட்டித்தான் இருந்தாள், அது நிச்சயம். "ஒரு மாதிரி கலர்" என்றேன். போட்டோ உண்டா என்றார்கள். போனைத் திறந்தால் அத்தனை படத்திலும் நான்தான் நிற்கிறேன், கோவில் முன்னால் நான், நீரூற்று முன்னால் நான். எடுத்தது பூராவும் அவள். சிஸ்டர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட அப்படி யாரும் பார்த்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவுடன் யாருக்கு மச்சான் கலர் ஞாபகம் வரும்? நீங்களே சொல்லுங்கள், இப்போது அக்கா என்ன கலர் உடுத்தியிருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்து சிஸ்டருக்குப் போன் வந்தது. சிஸ்டர் நம்பர் எழுதின விடுதி விலாசச் சீட்டு ரோசம்மாள் சுருக்குப்பையில் இருந்திருக்கிறது. அதைக் காட்டி ஒரு கடைக்காரம்மா போனிலிருந்து பேசுகிறாள். என் உயிர் வந்தது. சிஸ்டர் போனை என்னிடம் கொடுக்கும் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தது. அந்தப் பக்கம் ரோசம்மாள் அமைதியாகச் சொல்கிறாள், "சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் காணாமப் போயிட்டாரு. பாஷை தெரியாத ஊரு, பயந்துருப்பாரு." காணாமல் போனது நானாம்! சிஸ்டருக்குக் குறும்பு. "அடையாளம் சொல்லுங்கக்கா, போலீஸ் கேக்குது" என்றது. உங்கள் தங்கை மடமடவென்று சொன்னாள்: "பின்மண்டையில ரெண்டு சுழி. வலது காதுக்குப் பின்னாடி மிளகுத் தண்டிக்கு ஒரு மச்சம். காலர் இடது ஓரம் நைஞ்சுருக்கும், திருப்பித் தைக்கக் குடுங்கன்னா கேக்குறதில்ல. இடது தோள் ஒரு பொட்டு இறங்கியிருக்கும். வலது செருப்பு வெளிப்பக்கமாத் தேஞ்சுருக்கும்." சிஸ்டர் ஒவ்வொன்றையும் அவர் பாஷையில் சொல்ல, அந்த அதிகாரி எழுந்துவந்து என்னைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "முகம் எப்படிக்கா இருக்கும்?" என்று சிஸ்டர் கேட்டது. "முகமா?" என்று இழுத்தாள். "மீசை இருக்கும் சிஸ்டர். மத்தபடி முன்பக்கம் சாதாரணமாத்தான் இருக்கும்" என்றாள். ஸ்டேஷனே சிரித்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடந்தது இதுதான். வழியில் ஒரு மிட்டாய்க் கடையில் பாதாம் மாவில் பழம் பழமாகச் செய்து கண்ணாடிக்குள் வைத்திருந்தார்களாம். அதில் ஒரு திராட்சைக் குலை, பழத்தின் மேலே படிந்திருக்கிற சாம்பல் பூச்சுகூட அப்படியே. "ஏங்க, இங்கன வாங்க, நம்ம பன்னீர் திராட்சையப் பாருங்க" என்று கூப்பிட்டாளாம். நான் போய்க்கொண்டே இருந்தேனாம். மறுபடியும் கூப்பிட்டாளாம். அப்புறம் கூப்பிடவில்லையாம். "என்னைக்காவது நின்னா என்ன ஆகும்னு பாக்கணும்னு இருந்துச்சு. நின்னுட்டேன்" என்கிறாள். இதெல்லாம் ஒரு பேச்சா? கடைக்காரம்மா மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அவளை உள்ளே உட்காரவைத்து, அந்தத் திராட்சையையே எடுத்துத் தின்னக் கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டுத் தன் புருசனோடு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஸ்டேஷனில் எழுத்து வேலை முடிந்து கடைக்குப் போனால் பூட்டிக்கிடந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டியதில் நானும் சிஸ்டரும் அங்கேதான் பிடித்தோம். கடலோரம் நீளமாகப் புல்தரை. ஊரே அங்கே இருக்கிறது. கிழவர் கிழவி, புருசன் பெண்டாட்டி, எல்லாரும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, கையோடு கை கோத்து, எங்கேயும் போகாமல் நடக்கிறார்கள். இந்தக் கோடிக்குப் போவார்கள், திரும்புவார்கள், அந்தக் கோடிக்குப் போவார்கள். அவர்கள் நடுவில் கடைக்காரம்மா கையைக் கோத்துக்கொண்டு உங்கள் தங்கை, தலையில் ஒரு கொத்து மல்லிகையோடு, பிறந்ததிலிருந்து பலேர்மோவிலேயே இருந்தவள் கணக்காக வருகிறாள். மஞ்சள் சேலை மச்சான், பச்சைக் கரை. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், "சாப்டியா?" என்றுதான் வந்தது. அந்தக் கடைக்காரக் கிழவர் என்ன நினைத்தாரோ, ரோசம்மாள் கையை எடுத்து என் முழங்கையில் மாட்டிவிட்டார். கடல் மெதுவாக நிறம் மாறியது, முதலில் ரோஸ், அப்புறம் சாம்பல். மலை மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. கப்பல் ஒன்று ஊதிவிட்டுப் போனது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எவ்வளவு தூரம் நடந்தோம் என்று தெரியவில்லை.

அது அங்கே சரி. அந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும்? ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். "போவமா?" என்கிறாள். எங்கே என்றேன். "சும்மா." நம் ஊரில் எந்த மனுசன் மச்சான் சும்மா நடப்பான்? மாவு மில்லுக்குப் போகலாம், மருந்துக் கடைக்குப் போகலாம். எதிரே வருகிறவன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஒரு பதில் வேண்டாமா? அதற்காக ஒரு காலி எண்ணெய்க் கேனைக் கையில் எடுத்துக்கொண்டேன். தெரு முனை திரும்பியதும் என் முழங்கையில் கையை மாட்டிவிட்டாள். மாவு மில் குருசாமி பார்த்துவிட்டான். "என்னண்ணே, மதினிக்கு முடியலையா? கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போறீக?" என்றான். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

விடிந்ததும் வாசலில் கூட்டம். ரோசம்மாளுக்குப் பக்கவாதம் என்று பேச்சாகிவிட்டது. இத்தாலிக் குளிர் இழுத்துவிட்டதாம். எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அழுகிறது. ஆரஞ்சு, ரொட்டி, சாத்துக்குடி என்று மேசை கொள்ளவில்லை. பூசையில் நோயாளிகளுக்கான மன்றாட்டில் பேர் வாசித்துவிட்டார்கள், சாமியார் சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயோடு கிளம்பி வந்துவிட்டார். ரோசம்மாள்தான் கதவைத் திறந்து அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். எல்லாரும் போன பிறகு, "பாத்தியா, இந்தக் கூத்துக்குத்தான் வேண்டாங்குறேன்" என்றேன். அவள் நிதானமாக, "சரி, நோயாளியாவே இருந்துட்டுப் போறேன், கையக் குடுங்க" என்கிறாள்! அன்று மாட்டேன் என்று எழுந்து முன்னால் நடந்துவிட்டேன். கோவில் வாசலில் போய்த் திரும்பிப் பார்க்கிறேன், தெரு காலி. நின்றுவிட்டாள். அன்றிலிருந்து பூசைக்கு நான் ஒரு தெரு வழியாகவும் அவள் ஒரு தெரு வழியாகவும் போகிறோம். வீட்டில் சோறு குழம்பு எல்லாம் சரியாக வருகிறது, சண்டையே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எனக்கு முன்னால் நடந்துதான் பழக்கம். ஆனால் பின்னால் ஆள் இல்லாமல் முன்னால் போகிறவன் எப்படி முன்னால் போகிறவன் ஆவான் என்று மோட்டார் ரூமில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை. ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, தங்கையை அதட்டி, பழையபடி பின்னால் நடக்கச் சொல்லிவிட்டுப் போகும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. ரெக்ஸுக்கும் வரப்போகிற மருமகளுக்கும் மாதாவின் ஆசீர் நிறைய உண்டாவதாக. உங்கள் முழங்கால் வலிக்கு ரோசம்மாள் காய்ச்சிய தைலம் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள், வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை என்றும் தட்டாத
பீட்டர்ராஜ்

பின்குறிப்பு: மச்சான், கவரை ஒட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். வாசலில் ரோசம்மாள் கேட்டாள், எங்கே என்று. தபால் போட என்றேன். யாருக்கு என்றாள். உங்க அண்ணனுக்கு என்றேன். "எங்கண்ணனுக்குன்னா நானும்தான் வருவேன்" என்று கையை மாட்டிக்கொண்டாள். உதறலாம் என்றால், நடுத்தெருவில் உதறினால் அது இன்னும் பெரிய பேச்சாகிவிடும். குருசாமி மில்லுக்கு வெளியே வந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், எனக்கு எங்கிருந்து வந்ததோ, "அவளுக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கா. நாங்க சும்மா போறோம்" என்று சொல்லிவிட்டேன். அவன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான் மச்சான், வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

இன்னொன்று. பக்கத்தில் நடந்தால் அவள் பேசுகிறாள். இத்தனை வருசத்தில் எனக்கு இது தெரியாது. அனிதா பிறந்த வருசம் பெய்த மழை, சின்ன வயதில் நீங்கள் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து வாய்க்காலில் தள்ளியது, விமானத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினபோது கண்ட கனவு என்று ஓயாமல் பேசினாள். கேட்டுக்கொண்டே போனதில் தபால் பெட்டியைத் தாண்டிவிட்டோம். தோப்பைத் தாண்டிக் கண்மாய்க்கரை வரைக்கும் போய், கேரளா மலைக்குப் பின்னால் பொழுது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்று வேறு யாரிடமாவது கொடுத்தாவது இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். அதட்ட வரவேண்டாம். கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேருமாக வந்துவிடுகிறோம், கடைவீதியை மட்டும் கொஞ்சம் அகலமாக ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எங்களைப் பார்க்க வருவதாக இருந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வாருங்கள். சாயங்காலம் வந்துவிடாதீர்கள். அந்த நேரம் நாங்கள் வீட்டில் இருக்கமாட்டோம்.